கரண்டி யார் கையில்

அனகாபுத்தூர்
4.9.2024

ஃபஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்றது கடமை, சொல்லிட்டேன். இங்க மாமி, உன் ஜமால் மச்சான், பசங்க எல்லாரும் அல்லாஹ் புண்ணியத்துல சுகம். நீ சுகமான்னு நான் கேக்க வேண்டியதில்லை. உன் மூஞ்சிதான் டெய்லி போன்ல தெரியுதே.

என் நம்பரை பிளாக் பண்ணிட்டே. என் பொண்ணு கைனாத் போன்ல இருந்து கூப்பிட்டா என் குரல் கேட்டதும் கட் பண்றே. அதனாலதான் தபால். படப்பை அட்ரஸை கொழுந்தன் ஷாகுல்கிட்ட வாங்கினேன்.

நேத்து கைனாத் உன் சேனல்ல புது வீடியோவைக் காட்டினா. 'ஃபஹீமா கிச்சன்'. 'பதினோரு பேருக்கு ரேஷன் அரிசி குஸ்கா, இருபதே நிமிஷத்துல'. அதுல சொல்றே, "என் புகுந்த வீட்ல பதினோரு பேரு, தினமும் நான்தான் சமைப்பேன்"னு. யம்மாடி! நீ எப்ப சமைச்சே? வெங்காயம் உரிச்சே, பாத்திரம் தேச்சே. அடுப்புகிட்ட நின்னது நான். ரேஷன் அரிசியை உப்புத் தண்ணியில ஊற வச்சு மூணு தடவை அலசினா வாடை போவும்னு கண்டுபிடிச்சது நான். அரைக் கிலோ எலும்புல கத்திரிக்காயும் மாங்காயும் போட்டு பதினோரு பேருக்கு தால்சா இழுக்கறது என் கை. ஒரே குக்கர்ல கீழ பருப்பு, மேல சோறு வச்சு கேஸை மிச்சம் பிடிச்சது நான். எல்லாத்தையும் உன் வாயால உன்னுதுன்னு சொல்லிக்கிறே. ரெண்டு லட்சம் பேரு உனக்கு 'சூப்பர் சிஸ்டர்'னு போடறான்.

அடுத்த வீடியோவுல என் பேரைச் சொல்லணும். அவ்வளவுதான்.

வஸ்ஸலாம்.
ஜஹீரா

&nbsp;

படப்பை
15.9.2024

ஜஹீரா அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். மாமியோட முட்டி வலி எப்படி இருக்குன்னு மாமியையே கேட்டு எழுதுங்க. நீங்களா ஒரு பதில் எழுதிடாதீங்க.

தபால்லயே எழுதுங்க, நல்லது. போன்ல நீங்க கத்துவீங்க, நான் அழுவேன். ஒம்பது வருஷம் அதுதான் நடந்தது. காகிதத்துல கத்த முடியாது.

வெங்காயம் உரிச்சேன், பாத்திரம் தேச்சேன்னு நீங்களே எழுதிட்டீங்க. சந்தோஷம். காலையில ஆறு மணிக்கு மூணு கிலோ அரிசி களைஞ்சது யாரு? தண்ணி லாரி வந்தா குடத்தோட ஓடினது யாரு? அம்மியில மசாலா அரைச்சு அரைச்சு என் தோள்பட்டை இறங்கிப் போச்சு. கரண்டியைப் பிடிச்சவங்க மட்டும்தான் சமைச்சவங்கன்னா, ஆமா, நீங்கதான் சமைச்சீங்க.

உப்புத் தண்ணியில அரிசி ஊற வைக்கிறது அந்தத் தெருவுல எல்லா வீட்லயும் தெரியும். அதுக்கு உங்க பேரை எழுதி ஒட்ட முடியாது.

வஸ்ஸலாம்.
ஃபஹீமா

&nbsp;

அனகாபுத்தூர்
22.9.2024

ஃபஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமியைக் கேட்டேன். "வலி இருக்கு, அவளை வந்து பாக்கச் சொல்லு"ன்னாங்க. சொன்னதை அப்படியே எழுதிட்டேன், ஒரு எழுத்து கூட்டலை, குறைக்கலை.

நான் ஒண்ணு கேக்கறேன். உன் வூட்ல இருக்கிறது மூணு பேரு. அதுல பாப்பா சாப்பிடறது ஒரு கைப்பிடி. வீடியோவுல அண்டா அண்டாவா ஆக்கறியே, அவ்வளவும் யாரு சாப்பிடறா? குப்பையில கொட்டறியா? சோத்தைக் கொட்டினா அல்லாஹ் கேப்பான்.

இன்னொண்ணு. போன வாரம் ஷாகுல் சரக்கு இறக்க ஒரகடம் போயிருந்தான். இர்ஃபான் கம்பெனி வாசல்ல நின்னு அண்ணன் வந்திருக்கேன்னு சொல்லச் சொன்னா, வாட்ச்மேன் "அந்தப் பேருல யாரும் இங்க இல்லையே"ன்னானாம். ஷிப்ட் மாத்திட்டாங்களா? உன் மச்சான் போன் போட்டாலும் இர்ஃபான் எடுக்கறதில்லை. "இன்னாத்துக்கு எடுப்பான், பொண்டாட்டி புடுங்கி வச்சிருப்பா"ன்னு உன் மச்சான் சொல்றாரு. நான் சொல்லலை.

கைனாத்துக்கு மேற்குத் தாம்பரத்துல இருந்து ஒரு இடம் வந்திருக்கு. மாப்பிள்ளை ஏசி மெக்கானிக், நல்ல குடும்பம். உனக்குச் சொல்ல வேண்டியது முறை, சொல்லிட்டேன்.

பேரு சொல்ற விஷயத்தை மறந்துடாதே.

வஸ்ஸலாம்.
ஜஹீரா

&nbsp;

படப்பை
20.10.2024

ஜஹீரா அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். சுகம். பாப்பாவுக்குச் சளி, இப்ப பரவாயில்லை.

கைனாத்துக்கு நல்லபடியா அமையட்டும். அந்தப் பொண்ணு மேல எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

நான் சமைக்கிறதை யாரு சாப்பிடறாங்கன்னு நீங்க கணக்கு எடுக்க வேண்டாம். யார் எவ்வளவு சாப்பிடறாங்கன்னு பாக்கற வேலையை அந்த வீட்டோட வச்சுக்குங்க. இங்க யாரோட தட்டையும் யாரும் எட்டிப் பாக்கறதில்லை.

உங்க பேரைச் சொல்லச் சொல்றீங்க. நான் பேச ஆரம்பிச்சா பேரோட நிக்காது. என் பொண்ணு ஆறு மாசம் வயித்துல இருந்த அந்த வெள்ளிக்கிழமை எனக்கு மறக்கலை. உங்களுக்கும் மறந்திருக்காது. அதனால பேரு வேண்டாம், விட்டுடுங்க. இனிமே எழுதாதீங்க.

ஃபஹீமா

&nbsp;

அனகாபுத்தூர்
28.10.2024

ஃபஹீமாவுக்கு,

ஸலாம். உன் கடுதாசியில முடிக்கறப்ப வஸ்ஸலாம் இல்லை. பெத்தவங்க நல்லா வளர்த்திருக்காங்க.

மிரட்டறியா? எந்த வெள்ளிக்கிழமை? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை. ஒம்பது வருஷம் உன்னையும் உன் புருஷனையும் உக்கார வச்சு மூணு வேளை சோறு போட்ட கை இது. ரெண்டு வாய் சோறு குறைஞ்சுதுன்னு இப்ப ஊரு பூரா பறையடிப்பியா? அடி! உலகத்துக்கே சொல்லு. உன் பேச்சை எவன் நம்புவான்? கேமரா முன்னாடி கண்ணுக்கு மை போட்டுக்கிட்டு காலிஃபிளவர் வெட்டற உன்னை விட, என்னை இந்தத் தெரு இருபத்தி மூணு வருஷமா பாக்குது.

கைனாத்துக்கு நிச்சயம் டிசம்பர் எட்டு. வர்றதும் வராததும் உன் இஷ்டம்.

வஸ்ஸலாம்.
ஜஹீரா

&nbsp;

அனகாபுத்தூர்
2.12.2024

ஃபஹீமா,

ஸலாம் உன் புருஷனுக்கும் குழந்தைக்கும் மட்டும்.

நிச்சயம் நின்னு போச்சு. நேத்து மாப்பிள்ளையோட அம்மாவும் மாமாவும் வந்தாங்க. நான் சமோசா பொரிச்சு வச்சிருந்தேன். ஒருத்தரும் தொடலை. அந்தம்மா போனை எடுத்து டீப்பாய் மேல வச்சுட்டு, "இந்த வூடுதானே இது?"ன்னு கேட்டாங்க.

உன் வீடியோ. 'வயித்துல குழந்தையோட நான் பட்டினி கிடந்த வீடு'. தக்காளித் தொக்கு கிண்டிக்கிட்டே சொல்றே. ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு பேருக்கு முட்டைக் குழம்பு, எல்லாருக்கும் ஒரு முட்டை, உனக்கு மட்டும் வெறும் குழம்பு. "தீர்ந்து போச்சு"ன்னு ஓரகத்தி சொன்னாங்க. பாத்திரம் எடுத்து வைக்கப் போனா அலமாரியில ஒரு கிண்ணத்துல ஒரு முட்டை மூடி வச்சிருந்தது. அதைச் சொல்றப்ப நீ அழறே. ஒம்பது லட்சம் பேரு பாத்திருக்கான். என் பேரு இல்லை, ஆனா அனகாபுத்தூர்னு சொல்லிட்டியே. உன் மூஞ்சியைத் தெரிஞ்ச எவளோ ஒருத்தி அவங்களுக்கு அனுப்பியிருக்கா.

அந்தம்மா எழுந்துக்கறப்ப சொன்னாங்க, "மருமகளுக்கு இப்படிச் செஞ்ச வூட்ல வளர்ந்த பொண்ணு, நாளைக்கு என் சின்ன மருமகளுக்கு இன்னா செய்வா?"

கைனாத் உள்ள நின்னு எல்லாத்தையும் கேட்டா. அவங்க போனதும் என்னைப் பாத்து, "உண்மையாம்மா?"ன்னா. "பொய்"னு சொன்னேன்.

அந்த வீடியோவை இன்னைக்கே சேனல்ல இருந்து எடுத்துடு. உனக்குப் பொண்ணு இருக்கு. அதை நினைச்சு எடுத்துடு.

ஜஹீரா

&nbsp;

படப்பை
30.12.2024

ஜஹீரா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மழைத் தண்ணி தெருவுக்குள்ள வந்ததுன்னு கேள்விப்பட்டேன். மாமி மேல் மாடியில இருக்காங்களா? எல்லாரும் பத்திரமா?

உங்க கடிதம் வந்து மூணு வாரம் ஆகுது. நாலு தடவை பதில் எழுதிக் கிழிச்சேன்.

கைனாத் விஷயத்துக்கு நான் வருத்தப்படறேன். இதை அவகிட்ட சொல்லுங்க. அவ என் கைக்குள்ள வளர்ந்த பொண்ணு. நான் அந்த வீட்டுக்கு வந்தப்ப அவளுக்கு எட்டு வயசு. ஸ்கூல் விட்டு வந்ததும் பையைப் போட்டுட்டு என்கிட்டதான் ஓடி வருவா.

ஆனா வீடியோவை எடுக்க மாட்டேன். என்னால முடியாது. ஏன்னு கேக்காதீங்க. அதுல ஒரு சொல் பொய் இருந்தா சொல்லுங்க, இந்த நிமிஷமே எடுத்துடறேன். நீங்க கைனாத்கிட்ட பொய்னு சொன்னீங்க. என்கிட்ட எழுதறப்ப பொய்னு எழுதலை. கடிதத்தை எத்தனை தடவை படிச்சுப் பாத்தாலும், கைனாத்கிட்ட சொன்னதைத் தவிர அந்தச் சொல் எங்கயும் இல்லை.

வஸ்ஸலாம்.
ஃபஹீமா

&nbsp;

அனகாபுத்தூர்
19.1.2025

ஃபஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தண்ணி வடிஞ்சு போச்சு. அரிசி மூட்டை ஒண்ணு நனைஞ்சது, காய வச்சு மாவாக்கிட்டோம். மாமி சுகம்.

போன ஞாயித்துக்கிழமை படப்பைக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. உன் வாசல்ல நின்னு தெருவே கூடற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னுதான் வந்தேன். தாம்பரத்துல பஸ் மாறி, மார்க்கெட்ல இறங்கி, அட்ரஸைக் காட்டிக் காட்டி நடந்து வந்தப்ப மணி பன்னெண்டரை. கேட் திறந்திருந்தது. செருப்பு மட்டும் பத்துப் பதினஞ்சு ஜோடி. ஜன்னல் வழியாப் பாத்தேன்.

கம்பெனி யூனிபாரம் போட்ட ஆளுங்க தரையில வரிசையா உக்காந்திருந்தாங்க. இர்ஃபான் தால்சா ஊத்திக்கிட்டு வந்தான். இடது கையில. வலது கையை மடக்கி இடுப்போட ஒட்டி வச்சிருந்தான். அந்தக் கையில ரெண்டு விரல் இல்லை, ஃபஹீமா. நான் கல்யாணம் ஆகி வந்தப்ப டவுசர் போட்டுக்கிட்டு கிரிக்கெட் ஆடின பையன். அந்தக் கையாலதான் என்கிட்ட இன்னொரு தோசை கேப்பான்.

அண்டா யாருக்குன்னு புரிஞ்சுது. வீடியோ ஏன் எடுக்க முடியாதுன்னும் புரிஞ்சுது.

அடுப்பு மேடையில ஒரு தட்டு இருந்தது. யாருக்கும் போடறதுக்கு முன்னாடியே நிறையச் சோறு, மேல ஒரு முழு முட்டை. புருஷனுக்கு எடுத்து வச்சிருக்கான்னு நினைச்சேன். எல்லாரும் பாதி சாப்பிடறப்ப நீ அதை எடுத்துக்கிட்டு நாற்காலியில உக்காந்து சாப்பிட்டே. நிதானமா. ஒரு ஆளு குழம்பு கேட்டதுக்கு, "அண்ணா, நான் சாப்பிடறேன், நீங்களே ஊத்திக்குங்க"ன்னே.

நான் கதவைத் தட்டலை. பக்கத்து வூட்டம்மா ஒருத்தங்க, "யாரும்மா வேணும்?"னு கேட்டாங்க. "வூடு மாறி வந்துட்டேன்"னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன்.

நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன். பொய் இல்லை. நீ வீடியோவுல ஒண்ணு தப்பா நினைச்சிருக்கே. அந்த முட்டையை என் பிள்ளைங்களுக்கு ஒளிச்சு வச்சேன்னு சொல்றே. யாருக்காகவும் வைக்கலை. உனக்குப் போடக் கூடாதுன்னு எடுத்து வச்சேன். நானும் தின்னலை. மறுநாள் கெட்டுப் போச்சு, கொட்டினேன்.

ஏன்னு கேட்டா, அந்த வாரம் மாமி உன் தலைக்கு எண்ணெய் வச்சு விட்டாங்க. கைனாத் என் வயித்துல இருந்தப்ப சாப்பிட்டியான்னு யாரும் என்னைக் கேட்டதில்லை. இந்த வூட்ல எதுவும் என் பேச்சுல நடக்காது. கரண்டி ஒண்ணுதான் என் கையில இருந்தது. அதை வச்சு உன்னை அடிச்சேன். ஒம்பது வருஷமும் உனக்குக் குறைச்சுத்தான் போட்டேன். வேணும்னேதான் போட்டேன்.

கைனாத்கிட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு நாளா என்கிட்ட பேசலை.

உன் மேல கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதே. என் பொண்ணு வாழ்க்கையில நீ மண்ணைப் போட்டது போட்டதுதான்.

வஸ்ஸலாம்.
ஜஹீரா

&nbsp;

படப்பை
16.2.2025

ஜஹீரா அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்க இருக்கோம். சுகம்னு எழுதி எழுதி கை மரத்துப் போச்சு, நீங்கதான் பாத்துட்டீங்களே.

இர்ஃபானுக்கு போன ஏப்ரல்ல பிரஸ் மெஷின்ல கை மாட்டிக்கிச்சு. கட்டுப் பிரிக்கறதுக்குள்ள காண்ட்ராக்ட் முடிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கெல்லாம் ஏன் சொல்லலைன்னா, நாங்க கிளம்பின அன்னைக்கு மாமி வாசல்ல நின்னு, "ஆறே மாசம், திரும்பி வந்து நிப்பீங்க"ன்னாங்க. நீங்க பக்கத்துல நின்னு சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பு முன்னாடி வந்து நிக்க எங்களால முடியலை.

அதுக்கப்புறம்தான் மெஸ். ஒம்பது பேரு சாப்பிடறாங்க. ஒருநாள் அவங்களுக்கு ஆக்கறதையே போன்ல எடுத்தேன். அப்படி வந்தது சேனல். அந்த அழுத வீடியோதான் இன்னைக்கும் அதிகம் ஓடுது. அதை எடுத்தா இந்த வீட்ல அடுப்பு பாதிதான் எரியும்.

மன்னிப்பு நீங்க கேக்கலை. கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன். யாருக்கும் இல்லாம கொட்டின முட்டைன்னு படிச்சப்ப, பிள்ளைங்களுக்கு வச்சதாவே இருந்திருக்கக் கூடாதான்னு இருந்தது. அதுக்கு ஒரு நியாயமாவது இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஒரு வீடியோ போட்டேன். 'அரைக் கிலோ கோழி, பதினோரு பேரு'. தேங்காய் அரைச்சு ஊத்தி உருளைக்கிழங்கு போட்டு இழுக்கற உங்க குழம்பு. "இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவங்க என் ஓரகத்தி ஜஹீரா. இதுவரைக்கும் நான் காட்டின சமையல்ல பாதி அவங்க கண்டுபிடிச்சது. என்னைப் பட்டினி போட்டவங்களும் அவங்கதான். நான் கேட்டேன், ஒத்துக்கிட்டாங்க. அவங்க பொண்ணுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்லை, அது தங்கமான பொண்ணு"ன்னு சொன்னேன். நீங்க கேட்ட பேரைச் சொல்லிட்டேன். முழுசாச் சொல்லிட்டேன்.

வஸ்ஸலாம்.
ஃபஹீமா

&nbsp;

அனகாபுத்தூர்
10.3.2025

ஃபஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு ஒம்பதாவது நாள். எல்லாரும் நோன்பு வைக்கிறாங்க, மாமியைத் தவிர. அவங்களுக்கு மாத்திரை இருக்கு.

வீடியோவைப் பாத்தேன். அதுக்குக் கீழ ஆளுங்க எழுதியிருக்கறதைக் கைனாத் படிச்சுக் காட்டினா. பாதிப் பேரு என்னைத் திட்டறான். ஒருத்தி என் கை உடையணும்னு எழுதியிருக்கா. தெருவுல தண்ணி பிடிக்கப் போனா பேச்சு நின்னுடுது. இதுதான் நீ நினைச்சதுன்னா, நடந்துடுச்சு.

மேற்குத் தாம்பரத்துக்காரங்க ஆள் அனுப்பினாங்க, மறுபடி பேசலாமான்னு. கைனாத்தே முடியாதுன்னுட்டா. "சமோசாவைத் தொடாம எழுந்து போனவங்க வூட்ல எனக்கு எப்படிம்மா சோறு இறங்கும்?"ங்கறா. வேலைக்குப் போறா இப்ப, சேலையூர்ல ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல.

இர்ஃபான் கை விஷயத்தை உன் மச்சான்கிட்டயும் மாமிகிட்டயும் சொல்லிட்டேன். மாமி ஒரு நாள் பூரா அழுதாங்க. பெருநாளைக்கு எல்லாரும் படப்பைக்கு வர்றோம். வேண்டாம்னு எழுதினாலும் வருவோம், மாமி கிளம்பிட்டாங்க. கறி நாங்க வாங்கிட்டு வர்றோம். ஆக்கறது நீ, பரிமாறறதும் நீ. நான் உன் அடுப்பங்கரைப் பக்கம் வர மாட்டேன்.

என் தட்டுல எவ்வளவு போடணும்னு நீயே பாத்துக்கோ.

வஸ்ஸலாம்.
ஜஹீரா

&nbsp;

படப்பை
7.4.2025

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் நல்லபடியா ஊர் போய்ச் சேர்ந்தீங்கன்னு கைனாத் போன்ல சொன்னா. மாமிக்குக் கால் வீங்கலையே? அவ்வளவு தூரம் பஸ்ல வந்தது எனக்கே மனசு கேக்கலை.

பெருநாள் அன்னைக்கு நடந்தது உங்களுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அதனாலதான் எழுதறேன்.

பிரியாணிச் சட்டியோட ஒவ்வொருத்தர் முன்னாடியும் வந்தேன். மாமிக்குப் போட்டேன், மச்சானுக்குப் போட்டேன், கைனாத்துக்கு எலும்பில்லாத கறியாப் பாத்து எடுத்து வச்சேன். உங்ககிட்ட வந்தப்ப என் கை நின்னுது. நீங்க தட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அரைக் கரண்டி போட்டேன். கறியே இல்லாத சோறாப் பாத்துப் போட்டேன். சட்டியில நிறைய இருந்தது, அது உங்களுக்கும் தெரியும்.

நீங்க நிமிர்ந்து பாப்பீங்கன்னு நினைச்சேன். எல்லார் முன்னாடியும் கேப்பீங்கன்னு நினைச்சேன். கேட்டா சொல்றதுக்கு ஒரு பதிலும் தயாரா வச்சிருந்தேன், "தீர்ந்து போச்சு"ன்னு. இத்தனை வருஷமா அந்தச் சொல்லை வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். நீங்க ஒரு பருக்கை விடாம சாப்பிட்டு, தட்டை நீங்களே கழுவி வச்சுட்டு, "உப்பு சரியா இருந்தது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க.

நான் எப்பவும் போல முதல்லயே எடுத்து வச்ச என் தட்டு அப்படியே இருந்தது. உக்காந்தேன். ரெண்டு வாய்க்கு மேல இறங்கலை. இர்ஃபான் "என்னாச்சு?"ன்னாரு. கண்ணுல மிளகாய் பட்டுடுச்சுன்னேன்.

அப்பதான் நினைச்சுப் பாத்தேன், அந்த வெள்ளிக்கிழமை உங்களுக்கு மட்டும் சோறு எப்படி இறங்கியிருக்கும்னு. இறங்கியிருக்காதுன்னு நான் சொல்லலை. எனக்குத் தெரியாது. ஒருநாள் நீங்களே சொல்லுங்க.

இதை மன்னிப்புன்னு எடுத்துக்காதீங்க. அதுக்கு இன்னும் நாள் ஆகும், ஆகாமலும் போகலாம். ஆனா அந்த வேலையை நான் செய்ய மாட்டேன், அக்கா. எனக்கு அது வரலை.

வர்ற ஞாயித்துக்கிழமை மெஸ் லீவு. நீங்களும் கைனாத்தும் மட்டும் வாங்க. கத்திரிக்காய் தால்சாவும் சோறும், வேற ஒண்ணும் ஆக்க மாட்டேன். ரெண்டு சட்டியையும் தரையில நடுவுல வச்சிடறேன். கரண்டி சட்டிக்குள்ளயே கிடக்கட்டும். நீங்களும் எனக்குப் போட வேண்டாம், நானும் உங்களுக்குப் போடலை. அவங்கவங்க பசிக்கு அவங்கவங்க எடுத்துப்போம்.

உங்க நம்பரை பிளாக்ல இருந்து எடுத்துட்டேன். பஸ் ஏறினதும் கூப்பிடுங்க. கத்தாம பேசுங்க.

வஸ்ஸலாம்.
ஃபஹீமா